மூலையில் உட்கார்ந்த பொறிவண்டு!

ஒரு கற்பனை! உங்கள் தெருவுக்கு ஒருவர் தினமும் காலையில் வருகிறார். "இன்னிக்கு மழை வரும், குடை எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் போகிறார். காசு கேட்பதில்லை. ஆனால், அவருடைய சட்டை முழுக்க சோப்பு, பிஸ்கட், கார் விளம்பரங்கள்! அவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று யோசிப்பீர்கள் அல்லவா?

அப்படி ஒருவர் அமெரிக்காவில் லட்சக்கணக்கான கணினிகளுக்குள் இருந்தார். அவர் பெயர் 'வெதர்பக்'. மனிதர் அல்ல, ஒரு சின்ன மென்பொருள்! பெயரைத் தமிழில் சொன்னால் 'வானிலைப் பூச்சி'. அதன் சின்னம், ஒரு பொறிவண்டு.

பள்ளிக்கூட மாடியில் பிறந்த கதை

மேரிலாந்து மாநிலத்தில் 'ஆட்டோமேட்டட் வெதர் சோர்ஸ்' என்று ஒரு நிறுவனம் இருந்தது. 1990-களில் அது பள்ளிக்கூட மொட்டை மாடிகளில் வானிலைக் கருவிகளைப் பொருத்தியது. வெப்பம், காற்றின் வேகம், மழையளவு எல்லாம் தானாகவே பதிவாகும். மாணவர்கள் அதை வைத்து அறிவியல் பாடம் படித்தார்கள். உள்ளூர் டி.வி. நிலையங்கள் செய்தியின்போது அந்தத் தகவல்களைக் காட்டின. நம் பள்ளி பெயர் டி.வி.யில் வந்தால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

2000-ஆம் ஆண்டில் அதே நிறுவனம் வெதர்பக் மென்பொருளை வெளியிட்டது. இலவசம்தான். கணினித் திரையின் கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், உங்கள் ஊர் வெப்பநிலை எப்போதும் தெரியும். அங்கே '86' என்று காட்டினால் பயந்துவிடாதீர்கள். அது ஃபாரன்ஹீட் கணக்கு. நம் கணக்கில் 30 டிகிரி செல்சியஸ்தான்!

புயலோ சூறாவளியோ வருவதாக அரசின் தேசிய வானிலை சேவை எச்சரித்தால், பூச்சி 'கிரீச் கிரீச்' என்று கத்தும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுழல்காற்றுகள் வீசுகின்றன. அங்கே இந்தச் சத்தம் உண்மையாகவே உதவியான விஷயம்.

யார் காசு கொடுத்தது?

பூச்சியை அழுத்தினால் ஒரு சன்னல் திறக்கும். வானிலை ஒரு பக்கம், விளம்பரம் இன்னொரு பக்கம். விளம்பரம் வேண்டாம் என்றால் பணம் கட்டி வேறு பதிப்பை வாங்கலாம். பெரும்பாலோர் இலவசத்தையே வைத்துக்கொண்டார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? ஒருவர் தினம் 5 தடவை வானிலை பார்த்தால், 30 நாளில் 150 தடவை. ஒரு லட்சம் பேர் அப்படிப் பார்த்தால் ஒன்றரைக் கோடி தடவை! அத்தனை தடவையும் கண்ணில் விளம்பரம் படும். அதற்குத்தான் கம்பெனிகள் காசு கொடுத்தன. டி.வி. நிலையங்கள்கூடத் தங்கள் பெயர் பொறித்த பதிப்புகளை நேயர்களுக்கு வழங்கின. டி.வி.யை அணைத்த பிறகும் கணினியில் அவர்கள் பெயர் தெரிந்துகொண்டே இருக்கும் அல்லவா?

விளம்பரத்துக்கு வானிலை ஏன் இவ்வளவு பொருத்தம்? மூன்று காரணங்கள்:

* விளையாட்டு மென்பொருள் கொஞ்ச நாளில் அலுத்துவிடும். வானிலை அலுக்காது, அது தினமும் மாறும்.

* "உங்கள் ஊர் எது?" என்று வேறு யாராவது கேட்டால் 'எதற்கு?' என்போம். வானிலை மென்பொருள் கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். நம் பின்கோடு போல அங்கே 'ஜிப் கோடு' உண்டு. அதைத் தட்டினால்தான் ஊர் வானிலை வரும். விளம்பரம் கொடுப்பவருக்கும் அதுதானே வேண்டும்? எந்த ஊர்க்காரருக்கு எந்தக் கடையைக் காட்டலாம் என்று தெரிந்துவிடும்!

* வெயில் கொளுத்தினால் குளிர்பானம், பனி கொட்டினால் கம்பளிச் சட்டை. எதை விற்கலாம் என்று வானமே சொல்லிக் கொடுக்கும்.

முதலை வந்த வழி

இதே ஆசையில் வேறு சிலர் எல்லை மீறினார்கள். 'கேட்டர்' என்று ஒரு நிறுவனம். அந்தப் பெயருக்கு முதலை என்று பொருள். அதுவும் 'வெதர்ஸ்கோப்' என்ற இலவச வானிலை மென்பொருளைக் கொடுத்தது. அதை நிறுவினால் கூடவே இன்னொன்றும் கணினிக்குள் நுழையும். நீங்கள் எந்தெந்த இணையதளத்தைப் பார்க்கிறீர்கள் என்று கவனித்து, அதற்கேற்ப விளம்பரங்களைத் திரையில் குதிக்க வைக்கும். அடுத்தவர் இணையதளத்தின் மேலேயே இவர்கள் விளம்பரம்! 2002-ல் வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட பத்திரிகை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2003-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 'கிளாரியா' என்று பெயரை மாற்றிக்கொண்ட அந்த நிறுவனம், 2006-ல் இந்தத் தொழிலையே விட்டது.

பூச்சி இப்போது போனுக்குள் வந்துவிட்டது. ஜிப் கோடுகூடத் தட்ட வேண்டாம். நாம் நிற்கும் இடத்தையே போன் சொல்லிவிடும். 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் அரசு வழக்கறிஞர், 'தி வெதர் சேனல்' செயலியை நடத்திய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 'வானிலை சொல்லத்தான் என்று இடத்தைக் கேட்டுவிட்டு, விளம்பரத்துக்கும் பயன்படுத்துகிறார்கள்' என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை ஏற்கவில்லை. 2020-ல் சமரசம் ஏற்பட்டது. இடத் தகவலை என்ன செய்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல நிறுவனம் சம்மதித்தது.

அப்படியானால் விளம்பரமே தப்பா?

இல்லை! நாளிதழ்களிலும்தான் விளம்பரம் வருகிறது. அதனால்தான் குறைந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது. ஆனால், ஒரு வித்தியாசம். பேப்பரில் வரும் விளம்பரத்தை நீங்கள் பார்க்கலாம். அது உங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கணினியிலும் போனிலும் வரும் விளம்பரம் உங்களையும் பார்க்கக்கூடும். என்ன பார்க்கிறது, யாரிடம் சொல்கிறது என்பதை நம்மிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதுதான் நியாயம்.

இன்னொரு விஷயம்: மழை, புயல் பற்றிய அடிப்படைத் தகவல்களை மக்களின் வரிப்பணத்தில் அரசுகளே சேகரிக்கின்றன. அமெரிக்காவின் தேசிய வானிலை சேவை தன் தகவல்களை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. நம் நாட்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணிப்புகளுக்காக, 2020-ல் 'மௌசம்' என்ற செயலியை மத்திய அரசு வெளியிட்டது.

செய்து பாருங்களேன்!

அப்பா அல்லது அம்மாவுடன் உட்கார்ந்து, போனில் உள்ள ஏதாவது ஓர் இலவசச் செயலியைத் திறங்கள். மூன்று கேள்விகளுக்கு நோட்டில் பதில் எழுதுங்கள்.

1. இதற்குக் காசு கொடுப்பது யார்?

2. என்னிடம் என்னென்ன கேட்கிறது?

3. கேட்பதெல்லாம் அதன் வேலைக்குத் தேவைதானா?

வானிலைச் செயலிக்கு உங்கள் ஊர் தெரிய வேண்டும், சரி. டார்ச் லைட் செயலிக்கு எதற்கு உங்கள் ஊர்? மூன்றாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்று வந்தால், அந்த அனுமதியை அணைத்துவிடலாம். அது எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். நீங்கள் தேடிக் கண்டுபிடித்துக் காட்டுங்கள்!