ஆசனவாய் வெடிப்பு: அறுவை சிகிச்சை எப்போது தேவை?

மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுவது போன்ற வலி, அதன்பின் மணிக்கணக்கில் எரிச்சல், சில துளி ரத்தம். இப்படி வந்தால் மூலம் என்று நினைத்துக்கொண்டு, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, களிம்பு வாங்கித் தடவுவோர் பலர். கழிவறைக்குப் போகப் பயந்து சாப்பாட்டைக் குறைப்போரும் உண்டு. இத்தகைய வலிக்குப் பெரும்பாலும் காரணம், ஆசனவாய் ஓரத்தில் ஏற்படும் சிறு வெடிப்புதான்.

ஏன் ஆறுவதில்லை?

வலியால் உள் சுருக்குத் தசை இறுகுகிறது. இறுகிய தசை ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் புண் ஆறுவதில்லை. வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால், அது கெட்டியாகி மறுபடியும் அதே இடத்தைக் கிழிக்கிறது.

முதலில் மருந்து

புதிய வெடிப்புகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் ஆறிவிடும். நார்ச்சத்து, போதிய தண்ணீர், மலமிளக்கி, வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் உட்காருவது ஆகியவை உதவும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வெடிப்பு. அப்போது தசையைத் தளர்த்தும் கிளிசரில் டிரைநைட்ரேட் அல்லது டில்டியாசெம் களிம்பை மருத்துவர் எழுதித் தருவார். முதல் வகைக் களிம்பால் தலைவலி வருவதுண்டு. சிலருக்கு போடாக்ஸ் ஊசியும் போடப்படுகிறது. அதன் பலன் சில மாதங்களுக்கே நீடிக்கும்.

அறுவை சிகிச்சையின் இரு பக்கங்கள்

மருந்துகள் பலன் தராதபோது, உள் சுருக்குத் தசையின் ஒரு சிறு பகுதியை வெட்டித் தளர்த்துவார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். சுமார் 90 விழுக்காட்டினருக்கு மேல் புண் ஆறிவிடுகிறது.

ஆனால், வெட்டிய தசை பழையபடி ஆகாது. வாயுவையோ மலக்கசிவையோ அடக்க முடியாத நிலை சிலருக்கு ஏற்படலாம். பெரும்பாலும் அது தற்காலிகமானது. ஒரு சிலருக்கு நீடிக்கக்கூடும். எனவே, பிரசவத்தின்போது தசை கிழிந்த பெண்களும், ஏற்கெனவே ஆசனவாயில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், மூத்தோரும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தசையை வெட்டாமல், அருகிலுள்ள தோலை நகர்த்திப் புண்ணை மூடும் முறை பொருந்தலாம்.

முடிவெடுக்கும் முன்

களிம்பை முழுக் காலமும் தவறாமல் தடவினோமா, வலி வேலையையும் தூக்கத்தையும் எவ்வளவு கெடுக்கிறது, கசிவு ஏற்படும் அபாயம் நமக்கு எவ்வளவு ஆகியவற்றை மருத்துவரிடம் பேசித் தெளிவது நல்லது. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் மூலம் நிபுணரிடம் சென்றால் மானியக் கட்டணம் கிடைக்கும். இத்தகைய சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தையும் வரம்புக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம்.

ரத்தப்போக்குடன் உடல் எடை குறைந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலோ தாமதிக்கக் கூடாது. பெருங்குடல் புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கீரை, பழம், தண்ணீரை விட்டுவிடக் கூடாது. மலச்சிக்கல் திரும்பினால் வெடிப்பும் திரும்பக்கூடும்.