பராமரிப்பவருக்கும் பத்து நிமிடம்

"காலம் பூரா நடந்தாச்சு, இன்னும் எதுக்கு நடை?" பேராக் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்து, இன்று ஈப்போ, சுங்கை சிப்புட் தாமான்களில் நோயுற்ற துணையைப் பராமரிக்கும் பாட்டிமார் இப்படிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரட்டு முடிந்து நிரை நிரையாக மரம் சீவிய நடை, வேலைக்கான அவசர நடை.

கவன நடை என்பது வேறு. மெதுவாக நடந்து, பாதம் தரையில் படுவதையும் மூச்சு வந்து போவதையும் கவனிக்க வேண்டும். மனம் அடுத்த வேளை மருந்துக்குத் தாவினால், சலித்துக்கொள்ளாமல் கவனத்தை மீண்டும் பாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓயாத கவலை சற்று நிற்பதால் மன இறுக்கம் தளர்கிறது. வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் (1926–2022) இப்பயிற்சியை உலகெங்கும் பரப்பினார். முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டு வாசலிலேயே நடக்கலாம்.

ஆனால், நோயாளியைத் தனியே விட்டு நடக்க முடியாது. அந்தப் பத்து நிமிடம் யாராவது அருகில் இருக்க வேண்டும். மாணவர்களே, எஸ்.பி.எம். கட்டுரையில் முதியோர் நலம் பற்றி எழுதும்போது இந்தக் கருத்தையும் சேருங்கள். வீட்டில் சொல்லியும் பாருங்கள்: "பாட்டி, நீங்க நடந்துட்டு வாங்க, தாத்தாவை நான் பார்த்துக்கிறேன்."