ஐகர் மலையின் வடசுவரடியில்

சுவிட்ஸர்லாந்து தேசத்து ஐகர் சிகரம் 3,967 மீட்டர் உயரமுடையது. அதன் வடபுறம் ஏறக்குறைய 1,800 மீட்டர் அளவு செங்குத்தான சுவராய் நிற்கின்றது. அச்சுவரில் ஏறுதல் மலையேற்றத்தில் வல்லார் சிலர்க்கே கூடும். அதனடியை அணுகுதலோ ஒரு பகற்பொழுதை ஒதுக்கத்தக்க நடையாளர் பலர்க்குங் கூடும்.

அல்பிக்லென் ரெயில் நிலையத்திலிருந்து (1,616 மீட்டர்) ஐகர்கிளெட்ஷர் நிலையம் (2,320 மீட்டர்) வரை ஆறு கிலோமீட்டர் அளவிற்றாய ஒற்றையடிப்பாதை சுவரடியை ஒட்டிச் செல்கின்றது. பெரும்பாலார் ரெயிலில் மேலேறிக் கீழ்நோக்கி நடப்பர். அது காலுக்கு எளிதே. எனினும் கீழிருந்து ஏறுதலே நன்றென்பது நம் கருத்து. பனி மூடிய மாதங்களில் பாதை அடைக்கப்படும்.

பாறைப் பிளவுகளில் உறைந்த நீர் உதிர்ந்த கற்களைப் பற்றி நிற்கும். வெயில் பட்டு அஃது இளகியவுடன் கற்கள் வீழும். 1936-ஆம் வருஷம் ஜூலையில் ஏறிய நால்வருள் ஒருவர் கல்வீழ்ச்சியாற் காயமுறவே, யாவரும் திரும்பினர். வழுக்குப்பாறையொன்றைக் கயிற்றின் உதவியாற் குறுக்கே கடந்திருந்தவர்கள், அக்கயிற்றை உடன் எடுத்துச் சென்றுவிட்டமையால், மீள வழியின்றி நேர்கீழே இறங்க முயன்றனர். பனிச்சரிவில் மூவர் மாண்டனர். டோனி கூர்ட்ஸ் என்பார் மட்டும் இரவெல்லாங் கயிற்றில் தொங்கி உயிர்தாங்கினார். மறுநாள் இறங்குகையில், இரு கயிறுகளைப் பிணைத்த முடிச்சு இருப்பு வளையத்துட் புகாது தடுத்தமையால், மீட்க வந்தோர்க்குச் சில மீட்டர் மேலே உயிர்நீத்தார். 1938-ஆம் வருஷம் ஜூலை 24-ந் தேதி வேறு நால்வர் அச்சுவரை முதன்முறை ஏறி முடித்தனர்.

மலையின் உள்ளே ரெயில் சுரங்கமொன்று செல்கின்றது. 1936-இல் மீட்போர் வெளிவந்தது அதன் துவாரத்தின் வழியே. தூரதரிசினிக் கண்ணாடி கொண்டு செல்வோர் பாதையில் நின்று அச்சுரங்கத் துவாரங்களைத் தேடிப் பார்க்கலாம்.