சான்றிதழ் ஆயுள் குறைகிறது: சொந்த கோடு சர்வர் வைத்திருப்போர் கவனத்திற்கு

இணையச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 398 நாளிலிருந்து 200 நாளாகக் குறைகிறது. 2027-இல் 100, 2029-இல் 47 என்று மேலும் சுருங்கும். காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்து அரிசி ஆலைகளுக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதித் தந்து, அதன் நிரலை (கோடு) அலுவலகத்திலேயே கிட்டீ அல்லது ஃபோர்ஜெயோ என்னும் கோடு சர்வர் மென்பொருளில் பாதுகாத்துவரும் சிறு நிறுவனத்தார் கலக்கமுற்று எழுதிய கடிதங்களில் ஒரே சந்தேகம்தான் பல உருவங்களில் வருகிறது: சர்வர் அமைப்பதை அன்சிபிள் என்னும் தானியங்கிக் கருவியிடம் விட்டதுபோல் சான்றிதழையும் விட்டுவிடலாமா?

விடலாம், இனி வேறு வழியுமில்லை. ஆனால் பாதுகாப்பின் பெயரால் ஆப்பிள் முன்மொழிந்து, 2025 ஏப்ரலில் ஓர் எதிர்வாக்குமின்றி நிறைவேறிய இந்த ஆயுள்குறைப்புத் தீர்மானம் காக்க முனையும் சான்றிதழ், ஒரு பெயர் அந்தக் கணத்தில் விண்ணப்பித்தவர் வசம் இருந்தது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. அந்தச் சாட்சியமும் பொய்த்ததுண்டு: தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து கூகுள் பெயர்களுக்கே அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது 2014 ஜூலையில் அம்பலமாயிற்று.

இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் கையாளும் அக்மி நெறிமுறையின் யுக்தி வியக்கத்தக்கது. விண்ணப்பிக்கும் சர்வருக்கு அது தற்செயலான ஒரு குறிச்சொல்லை அளித்து, அதைக் குறித்த முகவரியில் வைக்கச் சொல்லி, உலகின் பல இடங்களிலிருந்து தானே வந்து படித்துப் பார்த்து, பொருந்தினால் மனிதக் கை படாமலே சான்றிதழ் வழங்கிவிடுகிறது. வெளியுலகுக்குத் திறக்கப்படாத அலுவலக சர்வரிடம் அவ்வாறு வந்து படிக்க இயலாதாகையால், குறிச்சொல்லுக்கான விடையை டி.என்.எஸ். பதிவில் எழுத வேண்டியிருக்கிறது; அதை எழுதும் சாவியோ பெரும்பாலும் டொமைன் முழுவதையும் மாற்றவல்லது. அச்சாவி அன்சிபிள் கோப்பில் ஏறி, அக்கோப்பு அதே கோடு சர்வரில் சேமிக்கப்படுமானால், நிரலைப் படிக்க அனுமதி பெற்ற எவரும் நிறுவனத்தின் மின்னஞ்சலைக்கூடத் திசைதிருப்பலாம். சான்றிதழின் ஆயுள் 47 நாளானாலும் இந்த அபாயம் குறையாது. அன்சிபிள் வால்ட் கோப்பைப் பூட்டிவைக்கும், உண்மைதான். ஆயினும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் சாவி திறந்தே இருப்பதால், அந்த விடை எழுதும் டி.என்.எஸ். பதிவை மட்டும் வேறொரு தனி டொமைனுக்குத் திருப்பிவிட்டு, அதன் சாவியை மாத்திரம் சர்வருக்குக் கொடுப்பதே தக்க பரிகாரம் என்பது என் அபிப்பிராயம்.

இதையொட்டி எழும் வேறு சில கேள்விகள்: பழைய சான்றிதழ் 2026 மார்ச் 15 அன்று செல்லாததாகுமா? ஆகாது, அதில் குறித்த நாள்வரை செல்லும்.

நாமே தயாரித்துக்கொண்ட உள்சான்றிதழுக்கு இவ்விதி உண்டா? இல்லை.

சான்றிதழ் பெறும் ஸ்கிரிப்டைப் பலமுறை ஓட்டிப் பார்க்கலாமா? லெட்ஸ் என்கிரிப்டில் ஒரே பெயர்த் தொகுப்புக்கு வாரம் 5 சான்றிதழ்களே கிடைக்கும். ஒத்திகைக்கென்று தனி முகவரி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

காலாவதி நெருங்கினால் மின்னஞ்சல் வருமா? லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டது. நாட்களைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை நீங்களே செய்துகொள்ள வேண்டும்.