விடியுமுன் எடுத்த நகல் வேளைக்கு உதவுமா?

குமாரபாளையத்தில் விசைத்தறிச் சத்தம் இரவிலும் ஓய்வதில்லை. லுங்கியும் துண்டும் நெய்யும் இந்தக் காவிரிக்கரை ஊரில், ஏற்றுமதி ஆர்டர் எடுப்பவர்களுக்கு நூலின் நம்பர், கரை, கட்டம், சாயத்தின் நிறம், விலை, சரக்கு அனுப்ப வேண்டிய தேதி எல்லாமே மின்னஞ்சலில்தான் முடிவாகின்றன. அந்த மெயில்களுக்குச் சட்ட மதிப்பும் உண்டு. பாக்சைட் விற்பனை தொடர்பாக டிரைமெக்ஸ், வேதாந்தா நிறுவனங்களுக்கிடையே எழுந்த வழக்கில், கையெழுத்திட்ட முறையான பத்திரம் இல்லாவிட்டாலும் மின்னஞ்சல் வழியாகவே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, பழைய மெயில் ஒன்று தொலைந்தால் ஒரு வியாபாரத்தின் சான்றே தொலைகிறது.

கூகுள், ஜோஹோ போன்ற சேவைகளை நாடாமல் சொந்தமாக மெயில் சர்வர் நடத்தும் நிறுவனங்களையும் கல்லூரிகளையும் பொறுத்தவரை, அந்தச் சான்றுகளைக் காக்கும் பொறுப்பு முழுக்க அவர்களுடையதே. அதற்கு வழக்கமான வழி, தினமும் இரவில் மெயில்களை நெட்வொர்க்கில் உள்ள வேறொரு இயந்திரத்துக்குத் தானாக நகலெடுக்கச் செய்வது. இந்த ஏற்பாட்டை ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். அது ஆண்டுக்கணக்கில் உண்மையாகவே வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

எதை, எப்போது?

மெயில்களைச் சேமிப்பதில் பல முறைகள் உண்டு. 'மெயில்டிர்' முறையில் ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பு. நேற்றைக்குப் பிறகு வந்த கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பழைய 'எம்பாக்ஸ்' முறையில் ஓர் அஞ்சல்பெட்டி முழுவதும் ஒரே கோப்பு. நகலெடுக்கும் நேரத்தில் புது மெயில் வந்து சேர்ந்தால் நகல் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் குழம்பும். எக்ஸ்சேஞ்ச் போல டேட்டாபேஸில் சேமிக்கும் சர்வர்களில், ஒரு கணத்தின் நிலையை உறையவைத்து 'ஸ்னாப்ஷாட்' எடுத்து, அதிலிருந்து நகலெடுக்க வேண்டும். மெயில்களோடு சர்வரின் அமைப்புக் கோப்புகளையும் பயனர் பட்டியலையும் எடுத்து வைக்காவிட்டால், மெயில்கள் இருந்தும் அவற்றைத் திறக்க வழி இருக்காது.

நாற்பது பேர், ஆளுக்கு 5 ஜிபி என்றால் மொத்தம் 200 ஜிபி. நூறு மெகாபிட் நெட்வொர்க்கில் தடையின்றி ஓடினாலும் முழு நகலுக்கு நாலரை மணி நேரம் ஆகும். அன்றைக்கு வந்த 2 ஜிபியை மட்டும் எடுத்தால் மூன்று நிமிடத்துக்குள் முடியும். 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கெராசும் வெளியிட்ட 'ஆர்சிங்க்' மென்பொருள் செய்வது இதைத்தான்: மாறியதை மட்டும் கண்டுபிடித்து அனுப்புகிறது.

நேரத்தைக் குறிக்க லினக்ஸில் 'க்ரான்' இருக்கிறது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து கட்டங்கள். 30 4 * * * என்று எழுதினால் தினமும் அதிகாலை நாலரைக்கு வேலை தொடங்கும். பலரும் இரவு இரண்டு மணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் நமக்கு இரண்டு மணி என்பது நியூயார்க்கில் பிற்பகல் மூன்றரை அல்லது நாலரை. அங்குள்ள வாங்குநர் மும்முரமாக மெயில் அனுப்பும் நேரம். நாலரை மணி பொருந்தும். அந்நேரம் மின்சாரம் இல்லாமல் சர்வர் அணைந்திருந்தால் சாதாரண க்ரான் அன்றைய வேலையை விட்டுவிடும். தவறவிட்டதை இயந்திரம் எழுந்ததும் செய்துமுடிக்கும் வசதியை விண்டோஸிலும் லினக்ஸிலும் தனியே இயக்க வேண்டும்.

ஓசையின்றி நிற்கும் வேலை

விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். சத்தம் நின்றதுமே ஆள் திரும்பிப் பார்ப்பார். பேக்கப் அப்படியல்ல. அது நின்றுபோனால் எந்த அறிகுறியும் இருக்காது, அலுவலகம் வழக்கம்போல நடக்கும்.

லினக்ஸில் நெட்வொர்க் சேமிப்பகம் ஒரு ஃபோல்டராக இணைக்கப்பட்டிருக்கும். இணைப்பு அறுந்தால் அந்த ஃபோல்டர் வெறுமையாக அங்கேயே இருக்கும். நகல் சர்வரின் சொந்த வட்டிலேயே போய்க் கொட்டி, கடைசியில் வட்டு நிறைந்து மெயிலே நின்றுபோகும். விண்டோஸில் 'இசட்' டிரைவ் என்று இணைத்தது உள்நுழைந்த பயனருக்கு மட்டுமே தெரியும். இரவில் வேறு கணக்கில் ஓடும் வேலைக்கு அப்படி ஒரு டிரைவே கிடையாது. சேமிப்பகத்தின் முழு முகவரியைத் தர வேண்டும். எழுதத் தொடங்குமுன் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

மென்பொருள் உலகில் பேர்பெற்ற கிட்லேப் நிறுவனத்துக்கே இப்படி நடந்தது. 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸை அழித்துவிட்டார். தேடிப் பார்த்தால், தினசரி நகல் எடுக்கும் வேலை மென்பொருள் பதிப்புப் பொருத்தமின்மையால் முன்பே தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல அனுப்பப்பட்ட எச்சரிக்கை மெயில்கள், அனுப்புநரைச் சரிபார்க்கும் விதியில் சிக்கி யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு நோக்கத்துக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல் காப்பாற்றியது. மெயில் சர்வர் நடத்துவோர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: சர்வர் பழுதான செய்தியை அதே சர்வர் மெயிலாக அனுப்ப முடியாது. எஸ்எம்எஸ் போன்ற வேறு வழி தேவை. தோற்றால் மட்டும் சொல்வதைவிட, வெற்றியைத் தினமும் தெரிவிக்கச் செய்து, அந்தச் செய்தி வராத நாளில் பதறுவதே நல்லது.

ஒரே சாவி, ஒரே ஆறு

நகல் இருக்கும் இடத்தில் எழுதவும் அழிக்கவும் சர்வருக்கு அனுமதி இருந்தால், சர்வருக்குள் புகுந்தவருக்கும் அந்த அனுமதி உண்டு. 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஎஃப்இமெயில் சேவைக்குள் புகுந்தவர்கள் அங்கிருந்த மெயில்களோடு பேக்கப் சர்வர்களையும் அழித்தார்கள். பணம்கூடக் கேட்கவில்லை. மாறாக, 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு முடக்கப்பட்டபோது, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் இ-ஹாஸ்பிடல் தரவு மீட்கப்பட்டது. எனவே சர்வர் நகலைத் தள்ளுவதைவிட, சேமிப்பக இயந்திரம் வந்து படித்து எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. அப்போது சர்வரிடம் அந்தப் பக்கத்துச் சாவியே இருக்காது.

ஒரே ஒரு நகலைத் தினமும் புதுப்பிப்பதும் ஆபத்து. இன்று அழிந்த மெயில் நாளை நகலிலும் அழியும். ஏழு நாள் நகல்கள், நான்கு வார நகல்கள், பன்னிரண்டு மாத நகல்கள் என அடுக்கி வைக்க வேண்டும்.

பிறகு, இடம். 2018 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து நொடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டபோது, குமாரபாளையத்திலும் எதிர்க்கரைப் பவானியிலும் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. ஆகவே நகலை அக்கரையில் வைப்பது மட்டும் போதாது. ஒரே வெள்ளம் தொடாத இடத்தில், சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒன்று இருக்க வேண்டும். தென்கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பரில் அரசின் தரவு மையம் எரிந்தபோது, ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போயின. அளவு பெரிது என்பதால் அவற்றுக்கு வெளியே நகலே வைத்திருக்கவில்லை.

திறந்து பார்த்தால்தான் தெரியும்

2011 பிப்ரவரி இறுதியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதத்தினரின் பெட்டிகள் காலியாகின. பல தரவு மையங்களில் இருந்த பிரதிகளையும் அந்தப் பிழை தொட்டுவிட்டது. நெட்வொர்க்கோடு ஒட்டாமல் காந்த நாடாவில் இருந்த நகல்களிலிருந்து கூகுள் அவற்றை மீட்டது. நாடாவில் எழுதிவைத்ததோடு நிற்காமல், திரும்ப எடுக்கவும் முடிந்ததுதான் அங்கே காப்பாற்றியது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் ஓர் அஞ்சல்பெட்டியை நகலிலிருந்து மீட்டு, ஒரு பழைய ஆர்டரை அதன் இணைப்போடு திறந்து பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவைக்க வேண்டும். சர்வர் விழுந்திருக்கும்போது வெளியிலிருந்து வரும் மெயில்கள் உடனே தொலைவதில்லை. அனுப்பும் சர்வர்கள் நான்கைந்து நாள் வரை மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்பது இணைய நெறி. அந்த அவகாசத்துக்குள் எழுந்துவிட முடியுமா என்பதை இந்தப் பயிற்சி சொல்லிவிடும்.

நகலெடுப்பதை இயந்திரத்திடம் விடலாம். அது சரிதானா என்று பார்ப்பதை விட முடியாது. அதற்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். முதல் சோதனையை இந்த வாரமே செய்யுங்கள். அதில் நகல் திறக்காமல் போனால், மூல மெயில் இன்னும் சர்வரில் பத்திரமாக இருக்கும்போதே அது தெரிந்துவிடும். சரிசெய்ய வழியும் இருக்கும்.