ஒப்பந்தத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு (இந்தியா)

ஒப்பந்தத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு என்பது, இந்தியாவில் ஒப்பந்ததாரர் மூலம் ஒரு நிறுவனத்தில் பணிபுரியும் தொழிலாளருக்காகச் சட்டப்படி மாதந்தோறும் செலுத்தப்பட வேண்டிய வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), தொழிலாளர் அரசு காப்பீடு (இ.எஸ்.ஐ.) ஆகிய தொகைகளைக் குறிக்கும். துப்புரவு, காவல், சுமைப்பணி போன்ற வேலைகளைச் செய்வோர் பலர் இம்முறையில் அமர்த்தப்படுகின்றனர். இவர்களுக்குக் கூலி கொடுப்பவர் ஒருவர். வேலை வாங்கும் நிறுவனம் வேறு. எனவே பங்களிப்பைச் செலுத்தும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழுகிறது.

சட்ட அடிப்படை

வருங்கால வைப்பு நிதிச் சட்டம், 1952, ஒப்பந்ததாரர் மூலம் அமர்த்தப்படுபவரையும் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் அடக்கியது. தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், 1948 இன் நிலையும் இதுவே. இவ்விரண்டு உட்பட 9 சட்டங்களை ஒன்றிணைத்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதிலும் ஒப்பந்ததாரர் மூலம் பணிபுரிபவர் ஊழியரே.

யார் செலுத்த வேண்டும்?

வேலை வாங்கும் நிறுவனம் 'முதன்மை வேலையளிப்பவர்' எனப்படும். வைப்பு நிதித் திட்டத்தின் 30ஆம் பத்தி, ஒப்பந்தத் தொழிலாளருக்கான பங்களிப்பின் இறுதிப் பொறுப்பை முதன்மை வேலையளிப்பவர் மீதே சுமத்துகிறது. நடைமுறையில், தனிப் பதிவு எண் பெற்ற ஒப்பந்ததாரரே பணத்தைச் செலுத்துகிறார். அவர் தவறினால், நிறுவனம் செலுத்திவிட்டு, அவருக்குத் தர வேண்டிய பட்டியல் தொகையில் கழித்துக்கொள்ளலாம். இதனால், செலான் நகலைக் காட்டிய பின்னரே பட்டியலுக்குப் பணம் தரும் வழக்கத்தைப் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன.

கணக்கீடு

மாதம் 12,000 ரூபாய் ஊதியம் பெறும் தொழிலாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

* வைப்பு நிதிக்குத் தொழிலாளர் பங்கு 12 விழுக்காடு: 1,440 ரூபாய்.
* வேலையளிப்பவர் பங்கும் 12 விழுக்காடு: 1,440 ரூபாய். இதில் 8.33 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1,000 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்லும். மீதி 440 ரூபாய் வைப்பு நிதியில் சேரும்.
* இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளர் பங்கு 0.75 விழுக்காடு: 90 ரூபாய்.
* வேலையளிப்பவர் பங்கு 3.25 விழுக்காடு: 390 ரூபாய்.

ஆக, இத்தொழிலாளரின் கூலியிலிருந்து இவ்விரண்டிற்காகவும் பிடிக்கக்கூடியது 1,530 ரூபாய் மட்டுமே. வேலையளிப்பவர் பங்கையும் கூலியிலிருந்தே பிடிப்பது சட்டவிரோதம். தொழிலாளரிடம் பிடித்த தொகையைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும். அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் இத்தொகைகள் செலுத்தப்பட வேண்டும்.

ஒப்பந்ததாரர் மாறும்போது

ஒரே இடத்தில் ஒரே வேலையைப் பல்லாண்டுகள் செய்தாலும், ஒப்பந்ததாரர்கள் அடிக்கடி மாறுவதுண்டு. ஒவ்வொருவரும் புதுக் கணக்கு தொடங்கினால் பணிக்காலம் துண்டு துண்டாகிவிடும். மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணி தேவை என்பதால், இது பெரும் இழப்பாக முடியக்கூடும். இதைத் தவிர்க்கவே, 2014ஆம் ஆண்டு முதல் 12 இலக்கப் பொதுக் கணக்கு எண் (யு.ஏ.என்.) வழங்கப்படுகிறது. ஒப்பந்ததாரர் மாறினாலும் இவ்வெண் மாறாது. புதிய ஒப்பந்ததாரரிடம் பழைய எண்ணையே கொடுத்து, முந்தைய கணக்கை அதனுடன் இணைக்க வேண்டும்.

தொழிலாளர் கவனிக்க வேண்டியவை

ஊதியச் சீட்டில் பிடித்தம் காட்டப்பட்டிருப்பது, பணம் கணக்கில் சேர்ந்ததற்குச் சான்றாகாது. உமங் செயலியிலோ வைப்பு நிதி இணையதளத்திலோ உள்ள பாஸ்புக்கில் மாதந்தோறும் வரவைச் சரிபார்க்கலாம். பெயர், பிறந்த நாள் ஆகியவை ஆதாரில் உள்ளவாறே பதிவாகியுள்ளனவா என்றும் பார்ப்பது நல்லது. வேறுபாடு இருந்தால் பணம் எடுக்கும்போது தடை ஏற்படும். வரவு இல்லையெனில், ஊதியச் சீட்டு, அடையாள அட்டை, வருகைப் பதிவு நகல் ஆகியவற்றுடன் வட்டார வைப்பு நிதி அலுவலகத்தில் முறையிடலாம். முறையீட்டில் ஒப்பந்ததாரர் பெயருடன் முதன்மை வேலையளிப்பவர் பெயரையும் குறிப்பிட வேண்டும். ஒப்பந்ததாரர் ஊரைவிட்டே போயிருந்தாலும் நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடாது.