புல்லுக்கும் ஓய்வு வேண்டும்

‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று நாம் தமிழ்ப்பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால், கண்ணெதிரே பச்சைப் புல் இருந்தும் பசித்த குதிரையை அதில் விடாமல் வாயிலைப் பூட்டி வைப்பதே சரி என்று ஒருவர் சொன்னால் நாம் ஏற்றுக்கொள்வோமா? நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் விளைந்த இழப்பையும் அதன்வழி நான் கற்றதையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வேளாண் அறிவியல் மாணவனான நான், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்வழி 2023ஆம் ஆண்டு இறுதியில் இங்கிலாந்து சென்றிருந்தேன். சாமர்செட் மாவட்டத்தில் ஒரு சிறு பண்ணையில் எனக்குப் பயிற்சி. பண்ணையை நடத்தியவர் ஒரு மூதாட்டி. அவரிடம் நான்கு குதிரைகளும் மூன்று வயல்களும் இருந்தன. வயல்களுள் பெரியது உலர்புல்லுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது.

உலர்புல் என்றதும் நமக்கு வைக்கோல்தான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. நெல்லை அடித்தெடுத்த பின் எஞ்சும் தாளே வைக்கோல். உலர்புல் என்பது, சத்துள்ள பசும்புல்லை ஜூன், ஜூலை மாதங்களில் அறுத்து, சில நாள் வெயிலில் புரட்டிக் காயவைத்துக் கட்டுகளாகக் கட்டிச் சேமிப்பது. ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடித்துவிடும். அதைத் தின்னும் குதிரைக்கு இருமல் வரும்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? 500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ உலர்புல் தின்னும். ஒரு கட்டு 20 கிலோ என்றால் அது இரண்டு நாளுக்குத்தான் வரும். நவம்பர் தொடங்கி மார்ச் வரை 150 நாள்களுக்கு ஒரு குதிரைக்கு 75 கட்டுகள். நான்கு குதிரைகளுக்கு 300 கட்டுகள். அத்தனையும் அந்தப் பெரிய வயலிலிருந்தே வரவேண்டும்.

ஜனவரி மாதம் மழை ஓயவில்லை. குதிரைகள் நின்ற சிறிய வயலில் கணுக்கால் வரை சேறு. வேலிக்கு அப்பால் பெரிய வயலோ பச்சைப் பசேல் என்று இருந்தது. மூதாட்டி ஐந்து நாள் வெளியூர் செல்லும்போது பண்ணையை என் பொறுப்பில் விட்டார். சேற்றில் தலை குனிந்து நின்ற குதிரைகளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வாயிலைத் திறந்துவிட்டேன். அவை துள்ளி ஓடியதைக் கண்டு, நல்ல காரியம் செய்ததாக மகிழ்ந்தேன்.

திரும்பி வந்த அவர் என்னைத் திட்டவில்லை. வாயிலருகே அழைத்துச் சென்று, “காலால் அழுத்திப் பார்” என்றார். அழுத்தினேன். என் காலணியைச் சுற்றித் தண்ணீர் மேலே வந்தது. சுற்றிலும் குளம்புக் குழிகள். அவற்றுக்கிடையே புல்லே இல்லை.

நான் செய்த தவறு என்ன? மண்ணின் வெப்பநிலை 5, 6 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் புல் ஏறக்குறைய வளர்வதே இல்லை. அந்நேரத்தில் மேயப்படும் புல் இளவேனில் வரை மீண்டும் தழைக்காது. மேலும், மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது நாக்கால் புல்லை வளைத்துப் பறிக்கும். குதிரைக்கோ மேலும் கீழும் முன்பற்கள் உண்டு. ஆகவே, அது தரையோடு தரையாகக் கடித்துவிடும்.

இதைவிடப் பெரிய கேடு குளம்பினால் வருவது. மண் துகள்களுக்கு இடையே காற்றும் நீரும் செல்லும் நுண்துளைகள் உள்ளன. ஈர மண்ணைக் குதிரை மிதிக்கும்போது அவை அடைபட்டுப் போகின்றன. நீர் வடியாமல் தேங்க, வேர் மூச்சுத் திணறும். புல் அழிந்த வெற்றிடத்தில் களை முளைக்கும். அவற்றுள் கொடியது ‘ரேக்வர்ட்’ என்னும் மஞ்சள்பூச் செடி. பச்சையாக இருக்கும்போது கசப்பினால் குதிரை அதை ஒதுக்கிவிடும். உலர்புல்லோடு காய்ந்துவிட்டால் கசப்பு குறையும், நஞ்சு குறையாது. தின்னத் தின்னக் கல்லீரல் சிறிது சிறிதாகக் கெடும். நான் காட்டிய இரக்கம் இப்படியும் முடியக்கூடும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அப்படியானால் உலர்புல் வயலில் குதிரையை விடவே கூடாதா? விடலாம், காலம் அறிந்து விடவேண்டும். அறுவடைக்குப் பின் மீண்டும் தழைக்கும் புல்லை, நிலம் இறுகியிருக்கும் வரை, இலையுதிர் காலத்தில் மேயவிடலாம். புல் 5 சென்டிமீட்டருக்குக் குறையும் முன்பே வெளியேற்றிவிட வேண்டும். சாணத்தை அவ்வப்போது அள்ள வேண்டும். இல்லையேல் குடற்புழு பரவும். சாணம் கிடந்த இடத்தைச் சுற்றிக் குதிரை மேயாது. சில பண்ணைகளில் குதிரைக்குப் பின் ஆடுகளை விடுகிறார்கள். குதிரை ஒதுக்கிய புல்லை ஆடு மேயும். குதிரையின் புழுக்களுள் பெரும்பாலானவை ஆட்டின் வயிற்றில் மடிந்துவிடும்.

மழை வலுத்ததும் குதிரைகளை ஒரு சிறிய வயலுக்கு மாற்றி, கையால் தீனி போடுவார்கள். அந்த வயல் கெடும் என்று தெரிந்தே அதைக் கொடுக்கிறார்கள். மற்ற வயல்கள் பிழைப்பதற்காக. நான் பரிதாபப்பட்ட அந்தச் சேற்று வயல் அலட்சியத்தின் அடையாளம் அன்று, திட்டமிட்ட தியாகம். ஆனாலும், குதிரை ஒதுங்கி நிற்கக் காய்ந்த மேடும் கூரையும் அங்கு இருக்க வேண்டும். அவை அந்த வயலிலும் இருந்தன, நான்தான் கவனிக்கவில்லை. பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ உலர்புல் வயலை முற்றாக மூடி, நிலம் காய்ந்ததும் உருளை ஓட்டிச் சமன்செய்வார்கள். அதன்பின் அறுவடை வரை எந்தக் குளம்பும் அதில் படக்கூடாது.

அவ்வாண்டு ஜூலையில் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வாயிலருகே ரேக்வர்ட் கன்றுகள் முளைத்ததால் அந்த மூலையை அறுக்காமல் விட்டாராம். 40 கட்டுகள் குறைந்தன. விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. “கன்றுகளை நானே கையுறை போட்டுப் பிடுங்கினேன், குதிரைகள் நலம்” என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி இரண்டு சொற்களை நான் பலமுறை படித்தேன்.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும் காலத்தில் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பார். அந்நாள்களில் வருமானம் குறையும் என்பதும் அவருக்குத் தெரியும். சிறு வயதில் கேட்ட அந்தப் பேச்சின் பொருள், சாமர்செட் சேற்றில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. நண்பர்களே, தூற்றிக்கொள்ளக் காற்று வேண்டும் என்பது உண்மையே. காற்று வரும்வரை பொறுத்திருப்பதும் உழவுத் தொழிலில் ஒரு வேலைதான்.